உயிர் காக்கும் 20½ கிராம்!

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். அரக்கோணம் ரெயில் நிலையம்.

திருத்தணி முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் கூட்டம், பிளாட்பாரம் முழுவதும் நிறைந்து இருந்தது. மொட்டைத் தலைகள். மஞ்சள் வேட்டிகள். ஒரு பக்கம் தமிழ்ப் பேச்சு. மறு பக்கம் தெலுங்கு. அரக்கோணத்தில் எப்போதும் அப்படித்தான். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர் அல்லவா?

ஒரு தூணின் அருகே, இளம் தாய் ஒருத்தி உட்கார்ந்து இருந்தாள். அவள் மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. வாடிய கீரைத் தண்டுபோல் துவண்டு கிடந்தது. காலையில் இருந்து 6 தடவை பேதி ஆகிவிட்டதாம்.

அவள் கையில், மருந்துக் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம். அதைக் கிழித்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பொட்டலத்தில் இருந்த வெள்ளைத் தூள் முழுவதையும் டம்ளரில் கொட்டப் போனாள்.

"நில்லும்மா!"

பக்கத்தில் இருந்த மூதாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வயது எழுபது இருக்கும். நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது.

"எவ்வளவு தண்ணியிலே கலக்கப் போறே?"

"இந்த டம்ளர்லதாம்மா. மருந்து கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும்னு..."

"அந்தத் தூள் ஒரு லிட்டர் தண்ணிக்கு உண்டானது. இந்த டம்ளர்ல கலந்தா அஞ்சு மடங்கு உப்பு ஆயிடும். குழந்தைக்கு அது மருந்து இல்லே, விஷம்!"

அந்தத் தாய் திடுக்கிட்டாள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கவும்" என்று அதில் அச்சடித்து இருந்தது. எறும்பு எழுத்து. யார் கண்ணில் படும்?

ரெயில் வர இன்னும் 40 நிமிடம் இருந்தது. அந்த 40 நிமிடத்தில், இத்தனை நாளும் சாதாரணமாக நினைத்திருந்த அந்தப் பொட்டலத்தின் கணக்கை அந்த அம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு புத்தகங்களையும் புரட்டினேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பொட்டலத்துக்குள் என்ன?

ஓ.ஆர்.எஸ். என்று சொல்கிறார்களே, அதுதான் அந்தப் பொட்டலம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறபடி, ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தில் 4 சரக்குகள் இருக்க வேண்டும்.

குளூக்கோஸ் 13½ கிராம். சாப்பாட்டு உப்பு 2.6 கிராம். பொட்டாசியம் குளோரைடு 1½ கிராம். சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 20½ கிராம்.

13½ என்ன கணக்கு? 13 ஆக இருந்தால் என்ன? உப்பு ஏன் 3 கிராமாக இல்லை?

சமையலில் உப்பு கூடினால் சாப்பாட்டை ஒதுக்கிவிடலாம். இங்கே அப்படி இல்லை. இந்த எடைகளுக்குப் பின்னால், ஒரு பெரிய சாவுக் களத்தின் கதை இருக்கிறது.

காலரா முகாமில்...

1971-ம் வருடம். இன்றைய வங்காளதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தான். அங்கே போர் மூண்டது. சுமார் ஒரு கோடி மக்கள், உயிருக்குத் தப்பி இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். மேற்கு வங்காள எல்லையில் பங்கான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த அகதிகள் இடையே காலரா பரவியது.

காலராவில் ஆளைக் கொல்வது தண்ணீர் இழப்பு. உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் பேதியாகக் கொட்டிவிடுகிறது. ஒரே நாளில் ஆள் சருகாகிவிடுவான். அதைத் தடுக்க, நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். ஊசி வேண்டும், குழாய் வேண்டும், சுத்தமான பாட்டில் வேண்டும், ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் தரையில் கிடக்கும்போது அதற்கெல்லாம் எங்கே போவது?

டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், ஜூன் மாதக் கடைசியில் அங்கே போனார். ஆஸ்பத்திரியின் 2 அறைகளிலும் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். வாந்திக்கும் பேதிக்கும் நடுவே மண்டியிட்டுத்தான் ஊசி போட முடிந்தது. கையிருப்பில் இருந்த சலைன் பாட்டில்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டு வந்தன.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "ஊசி வேண்டாம். குடிக்கக் கொடுப்போம்!"

கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில், தராசு வைத்துத் தூளை நிறுத்துப் பொட்டலம் போட்டார்கள். ஒரு லிட்டருக்குக் குளூக்கோஸ் 22 கிராம். சாப்பாட்டு உப்பு 3½ கிராம். சமையல் சோடா 2½ கிராம். பொட்டலங்கள் பங்கானுக்குப் போயின. டிரம்களில் நீர் நிரப்பி, தூளைக் கலந்தார்கள். நோயாளியின் தாயோ, அண்ணனோ, மனைவியோ டம்ளரில் பிடித்து ஊட்டினார்கள்.

முகாம்களில் அதுவரை, காலரா கண்ட 100 பேரில் 30 பேர் வரை மாண்டார்கள். குடிக்கும் கரைசல் வந்த பிறகு, அவருடைய ஆஸ்பத்திரியில் மாண்டவர்கள் 100-க்கு 4 பேருக்கும் குறைவு!

மருத்துவ உலகம் முதலில் இதை நம்பத் தயங்கியது. 1978-ல் "லான்செட்" என்ற லண்டன் மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று தலையங்கம் எழுதியது. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். அதற்கு அடுத்த வருடம்தான் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

குடலில் ஒரு கதவு

உப்புத் தண்ணீரை மட்டும் குடித்தால் போதாதா? சர்க்கரை எதற்கு?

இதற்கு விடை 1960-ல் கிடைத்தது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். நம் சிறுகுடலின் சுவரில் ஒரு விசித்திரமான கதவு இருக்கிறது. உப்பில் உள்ள சோடியமும், குளூக்கோசும் கைகோத்துக்கொண்டு வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். இரண்டும் உள்ளே போகும்போது, பின்னாலேயே தண்ணீரும் போகும்.

காலரா, குடலைப் படாத பாடு படுத்துகிறது. ஆனால் இந்தக் கதவை மட்டும் அதனால் மூட முடியவில்லை!

ஆகவே, சோடியம் எத்தனை இருக்கிறதோ, குளூக்கோசும் குறைந்தது அத்தனை இருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் முடிவு. "அத்தனை" என்றால் எடையில் அத்தனை என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணிக்கையில் அத்தனை! இங்கேதான் இரசாயனக் கணக்கு வருகிறது.

தேங்காயும் எலுமிச்சம்பழமும்

சந்தையில் 100 தேங்காய் வாங்குகிறோம். 100 எலுமிச்சம்பழமும் வாங்குகிறோம். எண்ணிக்கை ஒன்றுதான். எடை ஒன்றாகுமா? தேங்காய்க்கு வண்டி வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுத் தூக்கி வந்துவிடலாம்.

உப்பும் குளூக்கோசும் அப்படித்தான். குளூக்கோசின் நுண்துகள் தேங்காய் என்றால், உப்பின் நுண்துகள் எலுமிச்சம்பழம். இவை கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அதனால் கொத்தாக எண்ணுகிறார்கள்.

பழக்கடைக்காரர் "டஜன்" என்கிறார். வெற்றிலைக்காரர் "கவுளி" என்கிறார். இரசாயனக்காரர் "மோல்" என்கிறார். டஜனுக்கு 12. கவுளிக்கு 100. மோலுக்கு எத்தனை தெரியுமா? 602 என்று எழுதி, அதன் பக்கத்தில் 21 சைபர் போடுங்கள். அத்தனை துகள்! (பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வந்த அன்று, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடியவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன்.)

பயப்பட வேண்டாம். அந்தச் சைபர்களை எண்ண வேண்டிய வேலை நமக்கு இல்லை. ஒரு மோலின் எடை தெரிந்தால் போதும். அதைக் கூட்டிக் கண்டுபிடிக்கலாம். சோடியத்துக்கு 23. குளோரினுக்கு 35½. இரண்டும் சேர்ந்ததுதான் சாப்பாட்டு உப்பு. ஆகவே ஒரு மோல் உப்பின் எடை 58½ கிராம். இதே முறையில், ஒரு மோல் குளூக்கோஸ் 180 கிராம். பொட்டாசியம் குளோரைடு 74½ கிராம். சோடியம் சிட்ரேட் 294 கிராம்.

ஒரு மோலை ஆயிரம் பங்கு போட்டால், ஒரு பங்குக்கு "மில்லிமோல்" என்று பெயர்.

இனிக் கணக்குப் போடலாம்!

ஒரு லிட்டரில், குளூக்கோஸ் 75 மில்லிமோல் இருக்க வேண்டும், சோடியம் 75 இருக்க வேண்டும், பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. இதுதான் வேண்டிய அளவு. இதற்கு எத்தனை கிராம் போட வேண்டும்?

குளூக்கோசை எடுத்துக்கொள்வோம். 180-ஐ 75-ஆல் பெருக்குங்கள். 13,500. அதை ஆயிரத்தால் வகுங்கள். 13½ கிராம். பொட்டலத்தில் இருப்பது அதுதானே!

பொட்டாசியத்துக்கு 74½-ஐ 20-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 1½ கிராம் வருகிறது. சிட்ரேட்டுக்கு 294-ஐ 10-ஆல் பெருக்கி வகுத்தால் 2.9 கிராம்.

உப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோடியம் 75 வேண்டும் என்றோம். ஆனால் சிட்ரேட்டிலும் சோடியம் உண்டு. ஒரு சிட்ரேட் துகளுக்கு 3 சோடியம். ஆகவே 10 மில்லிமோல் சிட்ரேட்டில் இருந்தே 30 சோடியம் வந்துவிடுகிறது. மீதி 45-க்கு மட்டும் உப்புப் போட்டால் போதும். 58½-ஐ 45-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 2.6 கிராம்!

இதை மறந்து, 75-க்கும் உப்பே போட்டால் என்ன ஆகும்? சோடியம் 105 ஆகிவிடும். கணக்கில் ஒரு சின்ன மறதி; குழந்தையின் இரத்தத்தில் பெரிய குழப்பம்.

நிறுக்கும்போது இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். குளூக்கோசில் 2 ரகம். ஒன்று, நீர் சேராத குளூக்கோஸ். மற்றொன்று, ஒவ்வொரு துகளும் ஒரு நீர்த் துகளைக் கட்டிக்கொண்டு இருக்கும். இந்த ரகம் ஒரு மோல் 198 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தூள்தான். நீர் சேராத ரகத்தில் 20 கிராம் போட வேண்டிய இடத்தில், நீர் கட்டிய ரகத்தில் 22 கிராம் போட வேண்டும். பங்கான் முகாமில் 22 கிராம் போட்டார்களே, அதன் காரணம் இதுதான்.

அளவு அதிகமானால், அதே வீதத்தில் பெருக்கிக்கொள்ளலாம். 200 லிட்டர் டிரம்முக்குக் குளூக்கோஸ் 2 கிலோ 700 கிராம். உப்பு 520 கிராம்.

5 மடங்கு ஆனால்?

டம்ளர் தண்ணீர் 200 மில்லி. லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் பொட்டலத்தை அதில் கொட்டினால், 75 இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும்!

நம் இரத்தத்தில் சோடியம் 135-ல் இருந்து 145 வரை இருக்கும். 375 உள்ளே போனால், உடம்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரையும் குடல் வெளியே இழுக்கும். பேதி கூடும். இரத்தத்தில் உப்பு ஏறும். குழந்தைக்கு அடங்காத தாகம் எடுக்கும். மயக்கம் வரும். வலிப்பும் வரலாம்.

சரி, 2 லிட்டரில் கலந்தால்? ஆபத்து குறைவு, பலனும் குறைவு. சோடியமும் குளூக்கோசும் பாதியாகிவிடும். இழந்த உப்பு ஈடாகாது.

பாதிப் பொட்டலத்தை அரை லிட்டரில் கலக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. தூளைக் கண்ணால் பாதி பிரித்தால், நிறுத்ததுபோல் ஆகாது. 4 சரக்கும் இரு பாதியிலும் சமமாக வரும் என்றும் சொல்ல முடியாது. 200 மில்லிக்கு என்றே சின்னப் பொட்டலங்கள் கடையில் கிடைக்கின்றன. டம்ளர்தான் வசதி என்பவர்கள் அதை வாங்கலாம்.

அளவு மாறியது ஏன்?

இந்த 20½ கிராம் ஆதியில் இருந்து வந்த அளவு அல்ல. பழைய பொட்டலத்தில் குளூக்கோஸ் 20 கிராம், உப்பு 3½ கிராம் இருந்தது. அதற்கும் முன்பு, சிட்ரேட்டுக்குப் பதிலாகச் சமையல் சோடா இருந்தது. வெயிலிலும் ஈரக் காற்றிலும் அந்தத் தூள் கெட்டுப் பழுப்பு நிறம் ஆனது. அதனால் 1984-ல் சிட்ரேட்டுக்கு மாற்றினார்கள்.

பழைய கரைசல் கொஞ்சம் கெட்டி என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. குறைத்துப் பார்த்தார்கள். வாந்தி குறைந்தது. ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை, மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2002-ல் உலகச் சுகாதார நிறுவனம் இன்றைய அளவை அறிவித்தது.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பான வகைகள் பல விற்கப்பட்டன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ருசிக்கு விற்கிற சரக்குக்கு மருந்தின் பெயர் எதற்கு?

பொட்டலம் கிடைக்காவிட்டால்...

நள்ளிரவு. கடை இல்லை. குழந்தைக்குப் பேதி. என்ன செய்வது?

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். 6 தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியில் கோபுரம் கட்டக் கூடாது. தலை தட்ட வேண்டும்.

"குளூக்கோஸ் 13½ கிராம்தானே, சர்க்கரை மட்டும் ஏன் 25 கிராம்?" என்று கெட்டிக்கார வாசகர் கேட்கலாம். சர்க்கரையின் ஒவ்வொரு துகளும் இரட்டைத் துகள். பாதி குளூக்கோஸ், பாதி பழச் சர்க்கரை. ஒரு மோல் 342 கிராம். 75 மில்லிமோல் குளூக்கோஸ் கிடைக்க 25½ கிராம் சர்க்கரை போட்டால்தான் ஆகும். கணக்கு பொய் சொல்லவில்லை!

கலந்ததும் தாயார் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால், கொட்டிவிட்டு மறுபடியும் கலக்க வேண்டும்.

வங்காளதேசத்தில், "பிராக்" என்ற நிறுவனம் 1980-ல் இருந்து 1990 வரை, ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. தராசு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் ஏராளம். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஊழியர்களுக்கு எப்படிச் சம்பளம்? தாய்மார்கள் எத்தனை நன்றாக நினைவு வைத்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்துச் சம்பளம்! தாய்மார்கள் கலந்த கரைசலை எடுத்துப்போய்ச் சோதனைச்சாலையில் அளந்தும் பார்த்தார்கள்.

நம் வீட்டுக் கஞ்சியும் லேசுப்பட்டது அல்ல. அரிசியின் மாவுச்சத்து, குடலில் குளூக்கோசாக உடைகிறது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொடுக்கலாம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். மாவுச்சத்தின் மற்றொரு பலனை, அரக்கோணத்தில் இருந்து ரெயிலேறினால் போய்ச் சேரும் வேலூரில் கண்டுபிடித்தார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவின் குழுவினர், எளிதில் ஜீரணம் ஆகாத மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைசலில் சேர்த்து, காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாவு பெருங்குடல் வரை போய், அங்கே தண்ணீரை உறிஞ்ச உதவியது. பேதி சீக்கிரம் நின்றது. 2000-ம் வருடம் இது அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

இத்தனைக்குப் பிறகும், உலகில் ஒவ்வொரு வருடமும் 5 வயதுக்கு உட்பட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பேதியால் சாகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மீண்டும் பிளாட்பாரம்

ஒரு லிட்டரை எப்படி அளப்பது? அந்தத் தாயின் முகத்தில் அந்தக் கேள்வி தெரிந்தது. அவளிடம் இருந்ததோ, பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.

நர்சம்மாள் என்னைப் பார்த்தார். "தம்பி, கடையில ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா."

ஓடிப்போய் வாங்கி வந்தேன். மூடி திறக்காத பாட்டில். தராசும் வேண்டாம், படியும் வேண்டாம். ஒரு லிட்டர் என்று அதிலேயே எழுதி இருக்கிறது! கைகளைக் கழுவச் சொன்னார். ஒரு சுத்தமான தூக்கில் பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கச் சொன்னார். பிறகு பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி மூடி வைத்தார்கள்.

"டம்ளரோட வாயிலே வைக்காதே. ஸ்பூனால ஊட்டு. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டுட்டு, மறுபடியும் மெதுவா கொடு. ஒவ்வொரு தடவை பேதி ஆனதும் கால் டம்ளர்ல இருந்து அரை டம்ளர் வரை உள்ளே போகணும். தாய்ப்பாலை நிறுத்தாதே."

"சூடு பண்ணிக் கொடுக்கலாமாம்மா?"

"கலந்த பிறகு அடுப்பிலே வைக்கக் கூடாது. ஊருக்குப் போனதும் ஆரம்பச் சுகாதார நிலையத்துல காட்டு. துத்தநாக மாத்திரை கொடுப்பாங்க. பேதி நின்னாலும் 14 நாள் கொடுக்கணும். மலத்துல இரத்தம் வந்தாலோ, குடிக்க முடியாம துவண்டாலோ, கண்ணு உள்ளே போனாலோ, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடு."

குழந்தை முதல் இரண்டு கரண்டியைத் துப்பியது. மூன்றாவதை விழுங்கியது. பிறகு தானே வாயைத் திறந்தது.

காட்பாடி ரெயில் வந்தது. ஒரே நெரிசல். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

நர்சம்மாள் ஜன்னல் அருகே போனார். "மணி இப்போ பதினொண்ணு. நாளைக்குப் பதினொரு மணிக்கு மேலே மிச்சம் இருந்தா கொட்டிடு. புதுசா கலந்துக்கோ. எவ்வளவு தண்ணி?"

"ஒரு லிட்டரும்மா!" என்றாள் அவள், நகரும் ரெயிலில் இருந்து.